துணை ரத்தம்

அந்த டாக்டரம்மா எதையும் தனியாக அனுப்ப மாட்டார். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சொல்வது சுலபம்.

ஜோகூர் பக்கம் எங்கள் ரெங்கத்துக் கோப்பிக் கடையில் நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, வாங்கப் போனால் இரண்டு பொட்டலமாக வாங்குவார். இரண்டையும் தின்கிற உடம்பில்லை அது. ஒன்று என்னிடம் வரும், நான் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருந்தாலும் வரும். குளுவாங்கில் அவர் போகிற தேவாலயத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் பக்கத்திலேயே இன்னொன்றை ஏற்றி வைப்பார். "காத்துல ஒண்ணு அணைஞ்சாலும் இன்னொண்ணு பாத்துக்கும்லண்ணே" என்பார். ஒரு குதிரையை லாரியில் வெளியூருக்கு அனுப்ப வேண்டி வந்தால், கூட ஓர் ஆடாவது ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். ஆடு கூட இருந்தால் குதிரை பயப்படாதாம். சரி, போகும்போது துணை. திரும்பி வரும்போது அந்த ஆட்டுக்கு யார் துணை? நான்தான். வேனின் முன் சீட்டில் ஆட்டை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் வந்திருக்கிறேன். பெட்ரோல் நிலையத்தில் இருந்த பிள்ளை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ரெங்கத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில், ஒரு சீனத் தவுக்கே குதிரை லாயம் வைத்திருக்கிறார். முதலாளியைத் தவுக்கே என்றுதான் எங்களுக்குச் சொல்லிப் பழக்கம். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளை வாங்கி, வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து சவாரி பழக வருகிறவர்களுக்கு விடுவார். லாயத்தைப் பார்த்துக்கொள்வது நான். குதிரைக்கு ஏதாவது என்றால் வந்து நிற்பவர் டாக்டரம்மா. குள்ளமான உருவம். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். குதிரையின் தாடைக்குக் கீழே நின்றால் குதிரைதான் அவருக்குக் குடை பிடிப்பது போலத் தெரியும்.

அவர் ரத்தம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். காயம் பட்டால் ரத்தம் உறைகிறதா, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மற்ற சோதனைகளுக்கு எடுப்பதைப் போல இதற்கு எடுத்துவிட முடியாது. நீல மூடி போட்ட சின்னக் குழாய், உள்ளே ரத்தத்தைக் கட்டவிடாமல் வைக்கிற மருந்துத் தண்ணீர் கொஞ்சம் இருக்கும். கோடு போட்ட இடம்வரை ரத்தம் ஏற வேண்டும். குறைந்தால் மருந்து மிஞ்சிப்போய், நல்ல ரத்தம்கூட உறையாத ரத்தமாகக் காட்டும். ஊசி ஒரே குத்தில் நரம்புக்குள் இறங்க வேண்டும். உள்ளே விட்டுத் துழாவினால் அடிபட்ட சதையின் சாறு கலந்து, குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டத் தொடங்கிவிடும். அதற்காகவே முதலில் வருகிற ரத்தத்தை வேறொரு குழாயில் பிடித்து ஒதுக்கிவிட்டு, அடுத்து வருவதைத்தான் நீல மூடிக்குள் விடுவார். பிறகு குலுக்கவே கூடாது. மணிக்கட்டை மட்டும் மெதுவாகத் திருப்பிக் குழாயைத் தலைகீழாக்குவார், நிமிர்த்துவார், மறுபடி தலைகீழாக்குவார். தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிப் போடுகிற மாதிரி இருக்கும்.

அந்தக் கைப்பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. கோப்பிக் கடையில் மிளகாய் சாஸ் புட்டியை எடுத்தாலும் அப்படித்தான் திருப்புவார். எல்லாரும் தட்டித் தட்டி ஊற்றுகிற இடத்தில் இந்த அம்மா மட்டும் புட்டிக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்.

சீக்குக் குதிரையின் ரத்தத்தை எடுத்ததோடு விடமாட்டார். பக்கத்தில் திடமாக இருக்கிற ஒரு குதிரையிடமும் அதே ஊசி, அதே குழாய், அதே கைத்திருப்பலோடு ரத்தம் எடுப்பார். இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி, ஒரே ஐஸ் பெட்டியில் அருகருகே வைத்து, ஜோகூர் பாருவில் இருக்கிற சோதனைக்கூடத்துக்கு என்னிடம் கொடுத்து அனுப்புவார். இரண்டாவதற்கு அவர் வைத்த பெயர்தான் துணை ரத்தம்.

"கல்யாணப் பொண்ணு கூடத் தோழி போற மாதிரியா, டாக்டர்?" என்று சீண்டினேன்.

"சிரிங்கண்ணே. தனி ரத்தம் பொய் சொல்லும். வெயில்ல பெட்டி சூடாயிருச்சு, நான் சரியா எடுக்கல, வழியில நேரமாயிருச்சு, எதுவா இருந்தாலும் பழி குதிரை மேலதான் விழும். துணையும் கூடப் போனா தெரிஞ்சிரும். சீக்குக் குதிரையோடது மட்டும் கெட்டிருந்தா சீக்கு. ரெண்டும் கெட்டிருந்தா வழியில கெட்டுப்போச்சு. அவ்வளவுதான் லா."

கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது! நான்கூட அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவிக்குக் குளுவாங் மருத்துவமனையில் பித்தப்பைக் கல் எடுத்தார்கள். தவுக்கே எனக்கு லீவு கொடுத்தும், சவாரிக்கு ஆட்கள் வந்துவிட்டதால் காலையில் என்னால் நகர முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா அறுவைச் சிகிச்சை அறையின் வாசலில் உட்கார்ந்திருந்தார். சாணி ஒட்டிய பூட்ஸைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தார். மனைவி கண் விழித்ததும் முதலில் பார்த்தது அவரைத்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என்ன பலகாரம் செய்தாலும் "அந்தப் பொண்ணுக்கு" என்று ஒரு டப்பா ஒதுங்கிவிடும்.

ஏன் இந்தத் துணைப் பைத்தியம் என்று ஒரு தடவை கேட்டேன். தன் தம்பி ஒருவன் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய் வழியில் விழுந்துகிடந்தான், யார் பெற்ற பிள்ளை என்று சொல்லக்கூட ஆளில்லாமல் போயிற்று என்றார். வேறொரு சமயம் தவுக்கே அதையே கேட்டபோது, சின்ன வயதில் அம்மா தன்னைத் தோட்டத்து வீட்டில் தனியாகப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார் என்று சொன்னார். என் மனைவியிடமோ, தனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை என்று சொல்லியிருக்கிறார். எது உண்மை, எது பொய் என்று நான் துருவவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் நிற்கும்போது, அங்கே இல்லாத யாரோ ஒருவரும் கூட நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

லாயத்தில் துணை ரத்தம் கொடுப்பதற்கென்றே நேர்ந்துவிட்டது போல ஒரு குதிரை இருந்தது. பெயர் கோப்பி. பால் விடாத கோப்பியின் நிறம். காயடித்த கிழட்டு ஆண் குதிரை, ஊசியைக் கண்டால் மிரளாது, கழுத்தைத் தானே நீட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு கெட்ட பழக்கம், பேராசை பிடித்த வாய். அடுத்த கொட்டடியில் இருந்த மெலாத்தி என்ற பெண் குதிரை சாப்பாட்டில் கொஞ்சம் நாசூக்கு, தொட்டியில் தவிட்டை எப்போதும் மீதி வைக்கும். கோப்பி தடுப்புக்கு மேலே கழுத்தை நீட்டி அதையும் வழித்துத் தின்றுவிடும். "பந்திக்கு முந்துறது இவன் ஒருத்தன்தான்" என்று அதன் மூக்கில் தட்டுவேன்.

ஒரு காலையில் மெலாத்தியின் ஒரு பக்க மூக்கிலிருந்து ரத்தம் மெல்லிய நூலாக வடிந்துகொண்டிருந்தது. தோள்பட்டையில், அடிபட்ட தடம் எதுவும் இல்லாமல், ஒரு வீக்கம். ஈறு வெளுத்திருந்தது. டாக்டரம்மா வந்தார், பார்த்தார், நீல மூடியை எடுத்தார். மெலாத்தியிடம் ஒன்று, துணைக்குக் கோப்பியிடம் ஒன்று. நான்தான் இரண்டின் தலைக்கயிற்றையும் பிடித்திருந்தேன். எந்தத் தடங்கலும் இல்லை, சுத்தமான வேலை. பெட்டியை ஜோகூர் பாருவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாலை சோதனைக்கூடத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. இரண்டு ரத்தமும் உறையவில்லை.

"ரெண்டும் கெட்டிருக்குண்ணே. அப்ப வழியில ஏதோ ஆயிருக்கு. பெட்டிய வெயில்ல வெச்சீங்களா?"

"நான் எங்க டாக்டர் வெச்சேன்? என் பக்கத்து சீட்டுலதான இருந்துச்சு."

"கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு மறுபடி எடுப்போம். நானே கூட வர்றேன்."

எனக்குக் கோபம்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்: "கோப்பி கழுத்துல ஊசி போட்ட இடத்துல எலுமிச்சங்காய் மாதிரி ஒரு கட்டி இருக்கு, டாக்டர்."

"அவன் தலைய ஆட்டியிருப்பான்" என்றார்.

கோப்பியாவது தலையை ஆட்டுவதாவது. ஆனாலும் டாக்டர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் புதுக் குழாய்கள், புது ஐஸ். மெலாத்தியிடம் எடுத்தார். கோப்பிக்கு அந்தப் பக்கம் கட்டி இருந்ததால் கழுத்தின் மறுபக்கத்தில் எடுத்தார். பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் பெட்டியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். லாயாங் லாயாங் தாண்டி, கூலாய் தாண்டி, வழி முழுக்க நான் வேனை மெதுவாகவே ஓட்டினேன்.

சோதனைக்கூடத்து நடைபாதையில் காத்திருந்தோம். முடிவு வந்தது. மறுபடி இரண்டும் உறையவில்லை. காகிதத்தைப் பார்த்தபடியே அவர் நின்றார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தவுக்கே. கோப்பியின் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கிவிட்டது, மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வருகிறது என்றார். நான் அதை அப்படியே டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனதைக் கண்ணால் பார்த்தேன்.

"வழியில கெடலண்ணே. ரெண்டும் எலி மருந்து தின்னுருக்குங்க."

செம்பனைத் தோட்டங்களில் எலி பழத்தைக் கடிக்காமல் இருக்க, மரத்தடியில் மெழுகுக் கட்டி மாதிரி மருந்து போடுவார்கள். அதைத் தின்ற எலியின் ரத்தம் உறையாது. உள்ளுக்குள்ளேயே வடிந்து சாகும். எலிகள் அந்தக் கட்டிகளை இழுத்துவந்து அந்த இரண்டு குதிரைகளுக்கும் தவிடு அள்ளுகிற பெட்டிக்குள், தவிட்டுக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மெலாத்தி தன் பங்கைத்தான் தின்றது, அதிலும் மீதி வைத்தது. கோப்பி தன் பங்கையும் தின்றது, அந்த மீதியையும் தின்றது. ஒரே பெட்டித் தவிட்டைத் தின்கிற குதிரையைத்தான் அவர் நல்ல ரத்தத்துக்கு அடையாளமாக அனுப்பிக்கொண்டிருந்தார். கோப்பிக்கு வெளியே தெரிகிற நோய் எதுவும் இல்லை. ஊசி குத்திய அந்த இரண்டு துளைகள்தான் அதற்குக் காயம்.

வழியில் மருந்து வாங்கிக்கொண்டு பறந்து வந்தோம். கீரையில் இருக்கிற ஏதோ ஒரு சத்துதான் அந்த விஷத்துக்கு முறிவு. மெலாத்திக்குப் போட்டார், கோப்பிக்கும் போட்டார். ஆனால் அது வேலை செய்யக் கொஞ்ச நேரம் வேண்டும், கோப்பிக்கு அந்த நேரம் இல்லை. கழுத்துக்குள் தேங்கிய ரத்தம் மூச்சுக்குழலை நெரித்துக்கொண்டிருந்தது. தொண்டையில் துளை போட்டால் மூச்சு வரும். ஆனால் கத்தி பட்ட இடத்தில் ரத்தம் நிற்காது. டாக்டரம்மா கத்தியைப் பிடித்துக்கொண்டு கோப்பியின் முன்னால் நின்றார். கோப்பி பழக்கப்படி கழுத்தை நீட்டிக் கொடுத்தது. அவர் கை எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது. அதற்குள் கோப்பியின் முன்னங்கால்கள் மடிந்துவிட்டன.

தவுக்கே அவரைத் திட்டவில்லை. "சூடா லா, டாக்டர்" என்றார், போதும் விடுங்கள் என்கிற மாதிரி. குழி தோண்டி இறக்கியபோது கோப்பியின் தவிட்டு வாளியை நான் உள்ளே போடப் போனேன். எதையும் தனியாக அனுப்பாத அந்த அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேணாம்ண்ணே. தனியாப் போகட்டும்."

மெலாத்தி பிழைத்துக்கொண்டது. அதற்கு மருந்து போட அவர் நாள் தவறாமல் வந்தார். ஒரு மத்தியானம் கை கழுவிக்கொண்டே, நான் கேட்காமலேயே பேசினார். "யாரு நோயாளின்னு முடிவு பண்ணிட்டோம்னா பக்கத்துல நிக்கிறவன நாம பாக்கறதே இல்லண்ணே. கட்டி இருக்குன்னு நீங்க சொன்னீங்க. நான் என் கண்ணாலயும் பாத்தேன். அவன்தான் துணையாச்சே, அவனுக்கு என்ன வரும்னு விட்டுட்டேன்." குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைத் துடைக்காமல் நின்றார். "தம்பியும் இல்ல, பூட்டி வெச்சதும் இல்ல. தனியா இருக்க எனக்குத்தான் பயம். அவ்வளவுதான். அதுக்கு ஒரு உசிர பலி குடுத்துட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க, டாக்டர்" என்றேன். என் தோள் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அதன் பிறகு அவர் லாயத்துக்கு வந்தபோதெல்லாம் ஒரு குழாய்தான் எடுத்தார். துணைக்கு என்று நான் இன்னொரு குதிரையைப் பிடித்து நிறுத்தினால் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவார். கோப்பிக் கடையில் ஒரே பொட்டலம் வாங்கினார். அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு, பெக்கோக் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கோப்பியின் கொட்டடியில் வேறு குதிரை வந்துவிட்டது. மெலாத்தி இன்னமும் தொட்டியில் தவிட்டை மீதி வைக்கிறது. வைத்துவிட்டுத் தடுப்பைப் பார்த்து நிற்கிறது. புதுக் குதிரை கழுத்தை நீட்டுவதில்லை. சாயங்காலத்தில் அந்த மீதியை நான்தான் வழித்துக் கொட்டுகிறேன், அந்தப் பக்கம் பார்க்காமல்.

பிறகு எனக்கே இருதயத்தில் கோளாறு வந்தது. துடிப்பு ஒழுங்காக இல்லை, உள்ளே ரத்தம் கட்டிவிடும் என்று சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். மருந்து கொடுக்கிற பெண், "கீரை திடீர்னு நிறைய சாப்பிடாதீங்க, அங்கிள்" என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. எலி மருந்துக்குச் சொந்தக்கார மாத்திரை. மாதா மாதம் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். நீல மூடியைப் பார்த்ததும் என் கழுத்தின் இரண்டு பக்கமும் குறுகுறுத்தது.

மனசு தாங்காமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பின்னால் மாடுகள் கத்துவது கேட்டது.

"துணைக்கு யாரு வர்றாங்க?" என்றார் கடைசியில். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

"வீட்டுலதான். வேற யாரு?"

"அவங்க என்ன சாப்பிடறாங்க?"

"நான் சாப்பிடறதுதான். ஒரே பானைச் சோறுதான, டாக்டர்."

"அப்ப அவங்களையும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்கண்ணே. மறந்துராதீங்க. துணைக்கு வர்றவங்கள யாரும் பாக்கமாட்டாங்க."

அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அடுத்த முறை போனபோது தாதியிடம் சொன்னேன், மனைவிக்கும் ஏதாவது பாருங்கள் என்று. "அலமாக்! எனக்கு என்ன கேடு? இந்த மனுஷனுக்கு மூளை கொழம்பிப்போச்சு, மிஸ்ஸி" என்று மனைவி சிரித்தாள். தாதியும் சிரித்துக்கொண்டேதான் அவள் விரலில் குத்தினாள். கருவியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. சர்க்கரை எங்கேயோ ஏறி நின்றது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளங்காலில் ஒரு புண், வெகுநாளாக, துணி சுற்றி மறைத்து வைத்திருந்தாள். வலியே இல்லையே, இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாளாம். அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் காலை எடுத்திருப்போம், உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவள். நான் ஒரு நாள் அவள் காலைப் பார்த்ததில்லை.

அவள் காலூன்றி நடந்து வீட்டுக்கு வந்த அன்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் குரல் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னது. மறுவாரம் மனைவியையும் ஏற்றிக்கொண்டு பெக்கோக் போனேன். அவள் மடியில் "அந்தப் பொண்ணுக்கு" முறுக்கு டப்பா. மாட்டுப் பண்ணையில் இருந்தவர், டாக்டர் போய் ரொம்ப நாளாயிற்று என்றார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

"யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போனாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லியே. பையத் தூக்கிட்டுத் தனியாத்தான் போனாங்க."

முறுக்கு டப்பா எங்களோடேயே திரும்பி வந்தது.

இப்போதும் மாதா மாதம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுகிறோம். தாதி நீல மூடிக் குழாயை மெதுவாகத் தலைகீழாக்கி நிமிர்த்தும்போது, அவளுக்குப் பின்னால் ரப்பர் பூட்ஸோடு யாரோ நிற்கிறார்களா என்று என் கண் தேடும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய எண்ணை அழுத்துகிறேன். இல்லாத எண் என்று தெரிந்தும்தான். அந்தப் பெண் குரல் மலாயில் சொல்லி முடித்து, ஆங்கிலத்தில் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற சின்ன இடைவெளியில், ஒவ்வொரு மாதமும் சொல்லிவிடுகிறேன்:

"டாக்டர், இந்தத் தடவ துணைக்கு வந்தவ பொழச்சிக்கிட்டா."